மதகின்மேல் ஒரு நீலச் சட்டை

ஆந்திர அரசின் ஆர்.டி.சி. பஸ்களுக்கு நேரம் குறித்தே முப்பத்தொரு வருஷத்தைக் கழித்தவர் முனிகிருஷ்ணன். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. காலை ஆறு பத்துக்கு ஏரிக்கரையில் நிற்பார். ஆறே முக்காலுக்குள் அன்றைய படத்தை எடுத்து முடித்துவிட வேண்டும். பெங்களூரில் இருக்கும் மகள் ஹர்ஷினி, "சும்மா உக்காந்தா உடம்பு கெட்டுடும் நைனா" என்று சொல்லி, நீள லென்ஸ் வைத்த கேமரா ஒன்றை வாங்கிக் கொடுத்திருந்தாள். அதிலிருந்து பிடித்தது இந்தப் பித்து.

ஆந்திர எல்லையில், வரதய்யபாளையத்துக்கு வெளியே, ஏரிக்கரையின் தெற்கு முனையில் அவர் வீடு. கொல்லைக் கதவைத் திறந்து இருபது அடி வைத்தால் கரை. அங்கே நின்று வடக்கே பார்த்தால் இடப்பக்கம் தண்ணீர், தண்ணீருக்கு அப்பால் மலை, வலப்பக்கம் வரிசையாகப் பனைமரங்கள், நடுவில் இரண்டு கல்தூண் நிற்கும் பழைய மதகு. மூன்று வருஷமாக இந்த ஒரே காட்சியைத்தான் அவர் எடுத்துவந்தார். ஒரே இடம், ஒரே உயரம். ஆனால் ஒருநாள் படம் இன்னொரு நாள் போல இருக்காது. ஃபேஸ்புக்கில் 'எங்க ஊர் ஏரி' என்று ஒரு பக்கம் வைத்து, தினம் ஒரு படம் போடுவார். நாலாயிரம் பேர் பார்த்தார்கள். துபாயில் இருக்கும் ஊர்க்காரன் ஒருவன், "உங்க படத்தைப் பார்த்துட்டுதான் டூட்டிக்குப் போறேன் சார்" என்று எழுதினான். அன்று முழுக்க முனிகிருஷ்ணன் தரையில் நடக்கவில்லை.

அந்த வருஷம் ஆடி மாதம் பிறந்ததும் படத்துக்குள் ஒரு ஆள் வந்து உட்கார்ந்தான்.

நீலச் சட்டை, கறுப்பு பூட்ஸ், தோளில் ஒரு பை. பக்கத்து ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைக் கம்பெனிகளில் ஒன்றின் யூனிஃபாரம் என்று பார்த்தவுடன் தெரிந்தது. வயது முப்பத்தைந்து இருக்கும். மதகின் கல்மேல் ஏறி, தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்தான். கம்பெனி பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறது போல, எழுந்து போய்விடுவான் என்று முனிகிருஷ்ணன் காத்திருந்தார். ஏழு மணி ஆகியும் அவன் எழுந்திருக்கவில்லை. வெயில் ஏறிவிட்டது. அன்று படம் கெட்டது.

மறுநாளும் வந்தான். அதற்கு மறுநாளும் வந்தான். முனிகிருஷ்ணன் கேமராத் தாங்கியை இரண்டடி தள்ளி வைத்துப் பார்த்தார். தள்ளினால் மலை வெட்டுப்பட்டது. எழுந்திருக்கச் சொல்லவும் வாய் வரவில்லை. ஏரி யார் வீட்டுச் சொத்து? கடைசியில் போனிலேயே ஒரு வழி கிடைத்தது. படத்தில் வேண்டாததை விரலால் சுற்றினால் போதும், அது மறைந்து அந்த இடத்தில் கல்லும் தண்ணீரும் தானே நிரம்பிவிடும். முதல்முறை செய்தபோது அவருக்கே வியப்பாக இருந்தது. பிறகு அது பல் துலக்குவது மாதிரி ஆகிவிட்டது. எடுப்பார், சுற்றுவார், அழிப்பார், போடுவார். "இன்னா அமைதி சார் உங்க ஏரியில" என்று கீழே எழுதுவார்கள்.

"இன்னிக்கும் அந்த எழவெடுத்தவன் உக்காந்துக்கினு கீறான்" என்று சொல்லிக்கொண்டேதான் காபி குடிக்க உள்ளே வருவார். அவர் மனைவி பொன்னியம்மாள் டம்ளரை நீட்டுவாள்.

புரட்டாசி பிறந்து இரண்டாவது வாரம். கும்மிடிப்பூண்டிப் பக்கத்திலிருந்து திருப்பதிக்கு நடந்து போகும் கூட்டம் ஒன்று, மஞ்சள் வேட்டியும் மஞ்சள் புடவையுமாக, புதன்கிழமை சாயங்காலம் கரையில் வந்து தங்கியது. பெருமாள் படம் வைத்த தள்ளுவண்டியும் கூட இருந்தது. வியாழக்கிழமை காலையில் அவர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த நேரத்தில், கூழைக்கடாக்கள் வந்து இறங்கின. அவ்வளவு கூழைக்கடாவை முனிகிருஷ்ணன் அந்த ஏரியில் ஒருசேரப் பார்த்ததில்லை. இருபதுக்கு மேல் இருக்கும். அவசரமாக லென்ஸைத் திருகினார்.

அப்போது பக்கத்தில் யாரோ வந்து நின்றார்கள்.

"சார், உங்ககிட்ட ஒரு விஷயம்..."

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை அவர். நீலச் சட்டை மட்டும் கண் ஓரத்தில் தெரிந்தது. இடக்கையைத் தூக்கி, "இருப்பா, இருப்பா, பறந்துடும்" என்றார். பத்து நிமிஷமா, பதினைந்து நிமிஷமா, அவருக்குத் தெரியாது. பறவைகள் எழும்பிப் போன பிறகு திரும்பினால் அங்கே ஒருவரும் இல்லை. அன்று போட்ட படத்தை அறுநூறு பேர் எடுத்துப் பகிர்ந்தார்கள். அந்த மகிழ்ச்சியில், வந்தவன் என்ன கேட்க வந்தான் என்பதை அவர் நினைக்கவே இல்லை. மறுநாளிலிருந்து மதகு காலியாக இருந்தது. நல்லதாகப் போயிற்று என்று நினைத்துக்கொண்டார்.

ஒன்பது நாள் கழித்து, சனிக்கிழமை பகலில், ஒரு பெண் வீட்டு வாசலில் வந்து நின்றாள். முப்பது வயதிருக்கும். தலையைச் சரியாக வாரிக்கொள்ளவில்லை. கையில் போனை நீட்டிப் பிடித்திருந்தாள்.

"சார், என் பேரு காவ்யா. ஊத்துக்கோட்டை. இங்க டவுன்ல வாடகைக்குக் கீறோம். இவரு என் வூட்டுக்காரரு, ஜெயபிரகாஷ். ஒம்போது நாளா காணோம். போலீஸ்ல எழுதிக் குடுத்துட்டேன். டீக்கடையில சொன்னாங்க, கம்பெனி சட்டை போட்ட ஒருத்தரு காலையில ஏரிப்பக்கம் வருவாருன்னு. நீங்க தெனம் போட்டோ எடுக்கிறீங்களாமே. பார்த்திருக்கீங்களா சார்?"

போனில் கல்யாணக் கோலத்தில் ஒரு முகம் இருந்தது. அந்த முகத்தை முனிகிருஷ்ணன் நேராகப் பார்த்ததே இல்லை. ஆனால் தோள் சாய்ந்த விதம் தெரிந்தது. அறுபது நாள் விரலால் சுற்றிச் சுற்றி அழித்த தோள். பின்னால் ஏரி கிடந்தது, பதினைந்து அடி ஆழத்தோடு.

"பார்த்த மாதிரி இல்லையேம்மா" என்றார்.

அவள் தலையாட்டிவிட்டுக் கரைமேல் நடந்து போனாள். மதகுவரை போய்த் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு இறங்கிப் போய்விட்டாள்.

உள்ளே வந்தபோது பொன்னியம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஏன்யா பொய் சொன்ன?"

"அந்த ஆளுதான்னு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியுது. ரெண்டு மாசமா அவனைத் திட்டிக்கினே காபி குடிச்ச. இப்ப பார்க்கலேங்குற."

"போலீசு கீலீசுன்னு வந்தா யாரு அலையறது?"

"அது இல்ல" என்றாள் அவள். முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

காரணம் அது இல்லைதான். ஞாயிற்றுக்கிழமை காலை, மூன்று வருஷத்தில் முதல்முறையாக அவர் கேமராவைத் தொடவில்லை. கரைக்குப் போனார். ஆகாயத்தாமரை ஒதுங்கிக் கிடந்த மூலையில் ஏதோ நீலமாகத் தெரிந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கிப் போய்ப் பார்த்தார். உரச்சாக்கு. அதை இழுத்துக் கரையில் போட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பினார்.

அன்று மத்தியானம் கம்ப்யூட்டரைத் திறந்தார். பக்கத்தில் போட்ட படங்களில்தான் அவன் இல்லை. கேமராவிலிருந்து இறக்கி வைத்த மூலப்படங்கள் அத்தனையும் பத்திரமாக இருந்தன. ஜூலை கடைசியிலிருந்து ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தார்.

முதல் வாரத்தில் அந்த ஆள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். பூட்ஸ் பளபளத்தது. மடியில் பேப்பர், கையில் பேனா. ஏதோ விளம்பரத்தைச் சுற்றிக் குறித்துக்கொண்டிருந்தான். ஆகஸ்டில் பேப்பர் இல்லை. பூட்ஸைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தான். ஒரு படத்தில் டிபன் டப்பாவைத் திறந்து, அந்தக் காலை நேரத்திலேயே, கரைநாய் ஒன்றுக்குச் சோற்றை உருட்டிப் போட்டுக்கொண்டிருந்தான். செப்டம்பரில் செருப்புதான். ஷேவ் செய்துகொள்ளவில்லை. இரண்டு படங்களில் முகத்தைக் கையில் புதைத்திருந்தான். அந்த இரண்டிலும் முனிகிருஷ்ணன் மலையின்மேல் விழுந்த வெளிச்சத்துக்குத்தான் நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அது அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

கடைசி நாள் படங்கள் நூற்றுப் பத்து இருந்தன. ஆரம்பத்தில் எடுத்த நாலைந்தில் அந்த ஆள் யாத்திரைக்காரர்களோடு உட்கார்ந்து தொன்னையில் பொங்கல் தின்கிறான். பிறகு வெறும் பறவைகள். கடைசிக்கு முந்தின படத்தில் கூழைக்கடா ஒன்று சிறகு விரித்து எழும்புகிறது. அதற்குப் பின்னால், மங்கலாக, ஒரு நீலச் சட்டை பெருமாள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறது.

முனிகிருஷ்ணன் நாற்காலியில் சாய்ந்தார். மூச்சு வந்தது. பிறகு வெட்கம் வந்தது.

திங்கட்கிழமை காலை பொன்னியம்மாளையும் கூட்டிக்கொண்டு, லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு, காவ்யாவின் வீட்டைத் தேடிப் போனார். மாடியில் ஒற்றை அறை. தையல் மிஷின்மேல் பாதி தைத்த ரவிக்கைகள் கிடந்தன. உட்காரும் முன்பே சொல்லிவிட்டார்.

"அன்னைக்குப் பொய் சொன்னேம்மா. உங்க வூட்டுக்காரரை நான் ரெண்டு மாசமாப் பார்த்துக்கினுதான் இருந்தேன். படத்துல எல்லாம் கீறாரு. நான்தான் அழிச்சிட்டுப் போட்டேன்."

அவளுக்கு அது முதலில் விளங்கவில்லை. படங்களைக் காட்டினார். நாய்க்குச் சோறு போடும் படத்தில் அவள் விரலை வைத்தாள்.

"இது என் டப்பா" என்றாள். "அஞ்சு மணிக்கு எந்திரிச்சு கட்டிக் குடுப்பேன். ஜெனரல் ஷிப்ட்டு, பஸ்ஸு ஆறு மணிக்குன்னு சொல்லிட்டுப் போவாரு. சாயந்தரம் வந்து சூப்பர்வைசர் இப்படிச் சொன்னான், அப்படிச் சொன்னான்னு கதை சொல்வாரு. நானும் கேட்டுக்கினு இருப்பேன். காணாமப் போன பிறகு கம்பெனியில போய்க் கேட்டா, ஜூலையிலயே ஆளுங்களைக் குறைச்சப்ப இவரையும் நிறுத்திட்டோம்ங்கறாங்க."

படங்களைத் தேதி வாரியாகப் பார்த்துக்கொண்டே போனாள். முகத்தைப் புதைத்திருந்த படத்தில் நின்றுவிட்டாள். தேதியைப் படித்தாள்.

"அன்னைக்கு எங்க கல்யாண நாளு. ஊட்டுக்கு வரப்போ பூ வாங்கிக்கினு வந்தாரு."

பொன்னியம்மாள் அவள் முதுகில் கையை வைத்தாள். காவ்யா அழவில்லை. முனிகிருஷ்ணனைப் பார்த்துச் சொன்னாள்:

"சனிக்கிழமையே சொல்லியிருந்தா எனக்கு ரெண்டு நாள் மிச்சமாகியிருக்கும் சார். ரெண்டு நாளும் ஏரியில எதுனா மெதக்குதான்னு பார்த்துக்கினு இருந்தேன்."

"நானும் பார்த்தேன்" என்றார் அவர்.

பொங்கல் தின்னும் படம் ஒன்றில், பின்னால் நின்ற பெருமாள் வண்டியில் கட்டியிருந்த துணியில் யாத்திரைக் குழுவின் பெயரும் ஒரு போன் நம்பரும் அச்சடித்திருந்தது. பெரிதாக்கியதில் ஒன்பது எண்கள் தெரிந்தன. பத்தாவது துணியின் மடிப்பில் மாட்டிக்கொண்டது. பூஜ்யத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு எண்ணாகப் போட்டுப் பார்த்தார் முனிகிருஷ்ணன். ஒருவன் தெலுங்கில் திட்டினான். இரண்டு நம்பர் உபயோகத்தில் இல்லை. நாலாவதாக எடுத்தவர், "கோவிந்தா, சொல்லுங்க" என்றார். குழுத் தலைவர் நாராயணசாமி அவர்தான்.

"நீலச் சட்டையா? ஆமா சார், எங்க கூடத்தான் வந்தாரு. வண்டியை யாரையும் தொட வுடல, அவரே தள்ளினாரு. அலிபிரியில, மலையடிவாரத்துல, எங்க மூட்டையெல்லாம் கவுண்டர்ல போட்டுக் குடுத்தாரு. மேல ஏற மட்டும் வரமாட்டேன்னுட்டாரு. வூட்ல சொல்லாம வந்துட்டேன், சாமி முன்னால நிக்க மூஞ்சி இல்லன்னாரு. வூட்டுக்குப் போய்யான்னேன். கேக்கல. சரி, ரேணிகுண்டாவுல எங்க மச்சான் லாரிக்கு பாடி கட்டுற ஷெட்டு வெச்சிக்கினு கீறாரு, ஆள் வேணும்னு சொல்லிக்கினு இருந்தாரு, அங்க அனுப்பி வெச்சேன். ஏன் சார், எதுனா தப்பான ஆளா?"

"இல்ல" என்றார் முனிகிருஷ்ணன். "தப்பான ஆள் இல்ல."

மறுநாள் மூன்று பேருமாகக் காளஹஸ்தி போய் பஸ் மாறினார்கள். ரேணிகுண்டா ஸ்டேஷனைத் தாண்டி, தகரக் கொட்டகைகள் வரிசையாக நிற்கும் இடத்தில் அந்த ஷெட் இருந்தது. "எவரு காவாலி சார்?" என்று, யார் வேண்டுமெனத் தெலுங்கில் கேட்டுக்கொண்டே முதலாளி வந்தார். முனிகிருஷ்ணன் பதில் சொல்வதற்குள் காவ்யா உள்ளே போய்விட்டாள்.

பாதி கட்டிய லாரிக்குக் கீழே குந்தியிருந்த ஒருவன் இரும்பைத் தேய்த்துக்கொண்டிருந்தான். பொறி பறந்தது. அவளைக் கண்டதும் மிஷினை நிறுத்தினான். எழுந்தான். அதே நீலச் சட்டை, கரி படிந்து பாதி கறுப்பாகியிருந்தது.

காவ்யா ஐந்தடி தள்ளியே நின்றாள்.

"துன்னியா?" என்று கேட்டாள்.

"ம்."

"எங்க படுக்கிற?"

"மேல ரூமு கீது. நாலு பேரு."

"பன்னெண்டு நாளு" என்றாள். "போலீஸ் ஸ்டேஷன்ல, உடம்புல மச்சம் எங்க கீதுன்னு கேட்டு எழுதினாங்க. எதுக்குக் கேக்கறாங்கன்னு எனக்குத் தெரியாதா?"

ஜெயபிரகாஷ் கையில் இருந்த கரித்துணியையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஒவ்வொரு நாளும் இன்னைக்கு சொல்லிடலாம்னுதான் ஊட்டுக்கு வருவேன். நீ டீ போட்டு வெச்சிருப்ப. வாய்ல வேற கதைதான் வரும். நாள் ஆக ஆகப் பொய் பெரிசாயிடுச்சு. அப்புறம் அதைத் தூக்கிக்கினு உன் எதிர்ல நிக்க முடியல."

வாசலில் நின்ற முனிகிருஷ்ணனை அப்போதுதான் பார்த்தான்.

"போட்டோ சார்."

"ஆமாம்ப்பா." பஸ்ஸில் வரும்போதெல்லாம் மனத்தில் ஓட்டிப் பார்த்த கேள்வி அவருக்குத் தடுமாறி வந்தது. "அன்னைக்கு, பறவை வந்த அன்னைக்கு, என்கிட்ட ஏதோ கேக்க வந்தியே. இன்னா அது?"

கோபம் எதுவும் அந்த முகத்தில் இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"பெருசா ஒண்ணும் இல்ல சார். தெனம் ஒரே இடத்துல ரெண்டு பேரும் இருக்கோம், பெரியவரா கீறீங்க. எங்க ஊட்டுக்கு வந்து, வேலை போனதை நான் சொல்றப்போ பக்கத்துல நிப்பீங்களான்னு கேக்கலாம்னு வந்தேன். அவ்ளோதான். நீங்க வேலையா இருந்தீங்க. சாமி வண்டி கெளம்பிச்சு. அப்படியே போயிட்டேன்."

"நமக்குள்ள ஒண்ணு சொல்றதுக்கு இன்னொரு ஆளு வேணுமா உனக்கு?" என்றாள் காவ்யா. குரல் அப்போதுதான் உடைந்தது. பொன்னியம்மாள் அவளைப் பிடித்து ஒரு டயர்மேல் உட்கார வைத்தாள். முதலாளி யாரையோ கூப்பிட்டு டீ வாங்கிவரச் சொன்னார். டீ வந்தது; யாரும் குடிக்கவில்லை.

கிளம்பும்போது ஜெயபிரகாஷ் சட்டையை மாற்றிக்கொண்டு கூட வரப் பார்த்தான். காவ்யா வேண்டாம் என்றாள்.

"நான் வந்து இட்டுக்கினு போனேன்னு இருக்க வேணாம். நீயா வா. வந்து நீயா சொல்லு, முதல்லேருந்து."

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். காளஹஸ்தி நெருங்கும்போது மட்டும் சொன்னாள்: "அந்தப் படங்களை யாருக்கும் காட்டாதீங்க சார். அவரை அப்படி யாரும் பார்க்க வேணாம்." முனிகிருஷ்ணன் சரி என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஜெயபிரகாஷ் வந்தான். மாடியறையில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. வீட்டுச் சொந்தக்காரி ரத்தினம்மா கடைத்தெருவில் பொன்னியம்மாளிடம் சொன்னது ஒன்றுதான்: சாயங்காலம்வரை கதவு சாத்தியே இருந்ததாம், சண்டைச் சத்தம் கேட்கவில்லையாம், அடுப்பு எரியவும் இல்லையாம். அதன் பிறகு அவன் வாரம் ஒருநாள் வந்து போனான். காவ்யா முகம் கொடுத்துப் பேச ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று என்று பிறகு ரத்தினம்மாவே சொன்னாள்.

கார்த்திகை மழையில் அவர்கள் வீட்டைக் காலி செய்தார்கள். ரேணிகுண்டாவில் வீடு பார்த்திருந்தார்கள். சாமான் ஏற்ற ஆள் போதாது என்று தெரிந்து முனிகிருஷ்ணன் போனார். பீரோவின் ஒரு முனையை ஜெயபிரகாஷும் மறுமுனையை அவரும் பிடித்து, ஈரமான மாடிப்படியில் இறக்கினார்கள். "படி சார், பார்த்து" என்றான் அவன். அன்று அவரிடம் அவன் பேசியது அவ்வளவுதான். காவ்யா தையல் மிஷினைத் தானே சாக்குப் போட்டு மூடிக் கட்டினாள். வண்டி கிளம்பும்போது பொன்னியம்மாளுக்குக் கை காட்டினாள்.

வீட்டுக்கு வந்த முனிகிருஷ்ணன் ஈரச் சட்டையோடு கொல்லைப்படியில் உட்கார்ந்தார். ஏரி நிரம்பி மதகின் கல்லைத் தொட்டுக்கொண்டிருந்தது. இரண்டு மாதமாகவே தினம் படம் எடுப்பது நின்றுபோயிருந்தது. நினைத்தால் எடுப்பார், எடுத்தால் பெரும்பாலும் போட மாட்டார். துபாய்க்காரன் உடம்பு சரியில்லையா என்று கேட்டு எழுதியிருந்தான். பொன்னியம்மாள் உள்ளே அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு அவன் கேட்டிருந்தான்னு வெச்சிக்கோ" என்றார், திரும்பாமலே. "கூட வாங்கன்னு. நான் போயிருப்பேனா?"

அவள் கத்தியை நிறுத்தி யோசித்தாள்.

"தெரியலய்யா" என்றாள் கடைசியில். "போயிருப்பன்னு சொல்ல ஆசையாத்தான் கீது."

மழை மறுபடியும் பிடித்துக்கொண்டது. உள்ளே வரச் சொல்லிக் கூப்பிட்டாள். அவர் எழுந்திருக்கவில்லை.